பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? செயலிகளும் சமூகப் பழக்கமும்: ஓர் எளிய விளக்கம்

"இந்த ஆப் நல்லா இருக்கு, அந்த ஆப் சரியில்லை" என்று தினமும் சொல்கிறோம். ஏன் என்று கேட்டால் கலர், எழுத்தின் அளவு, பட்டன் இருக்கும் இடம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கொஞ்சம் துருவினால் இன்னொரு காரணம் வரும்: "நம்ம ஆளுகளுக்கு இதெல்லாம் புரியாது, படிச்சவங்களுக்குத்தான் சரிப்படும்."

கன்னியாகுமரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் காரணத்தை ஒப்புக்கொள்வது கஷ்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதுதான் முதலிடம். நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிற, சீட்டுக் கணக்கை மனதிலேயே போடுகிற, மகனோடு வீடியோ காலில் பேசுகிற அம்மாக்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களில் பலர் பணம் அனுப்பும் ஆப்பைத் திறக்க மட்டும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறார்கள். திரையில் இருக்கும் எழுத்து புரியாமல் கூப்பிடவில்லை. பணம் வேறு யாருக்காவது போய்விட்டால் வீட்டில் யார் என்ன சொல்வார்கள் என்ற கணக்கு மனதில் ஓடுகிறது. கூட ஒருவன் இருந்தால் பழியும் பாதியாகும்.

ஒரு பொருளைப் பயன்படுத்தும் ஆள் அநேகமாகத் தனியாக இல்லை. பக்கத்தில் ஒருவர் நிற்கிறார், அல்லது மனதுக்குள் ஒருவர் நிற்கிறார். வடிவமைப்பைப் பற்றிய நம் பேச்சில் விட்டுப்போவது அந்த இரண்டாவது ஆள்தான்.

## கைமாறிப் போகும் காசு

வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போகும் காலை நேரத்து பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். கண்டக்டர் முன்வாசல் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறார். நீங்கள் பின்படிக்கு மேலே ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள். என்ன செய்வீர்கள்? நோட்டை முன்னால் நிற்பவரிடம் கொடுத்து, "தக்கலை ஒண்ணு" என்பீர்கள். அவர் அடுத்தவரிடம் கொடுப்பார், அதே "தக்கலை ஒண்ணு" கூடவே போகும். நாலைந்து கை தாண்டிக் கண்டக்டரிடம் சேரும். டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். நடுவில் யாரும் காசை எடுத்துக்கொள்வதில்லை. யாரும் யாருக்கும் பெயர் தெரிந்தவர்கள் இல்லை.

இதை எந்தப் போக்குவரத்துக் கழகமும் உத்தரவு போட்டு உருவாக்கவில்லை. ஆனாலும் இது ஒரு நல்ல வடிவமைப்பு. காசு போவதைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். இறங்கும் இடம் சத்தமாகச் சொல்லப்படுகிறது, ஆகவே தவறினாலும் யாராவது திருத்துவார்கள். டிக்கெட் திரும்பி வருவதால் வேலை முடிந்தது என்று உங்களுக்குத் தெரிகிறது.

இப்போது தமிழ்நாட்டு அரசு பஸ்களில் யுபிஐ ஏற்கும் டிக்கெட் மெஷின்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. சில்லறைச் சண்டை ஒழியும், நல்ல விஷயம். ஆனால் மெஷினில் தெரியும் கட்டத்தை, அதாவது க்யூஆர் கோடை, உங்கள் போன் ஸ்கேன் செய்யவேண்டும். பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்த மாதிரி போனை நாலைந்து கை வழியாக யாராவது முன்னால் அனுப்புவார்களா? அனுப்பமாட்டார்கள். அதில் வீட்டுப் படங்கள், பேங்க், மெசேஜ் எல்லாம் இருக்கிறது. ஆக மெஷின் பழையதைவிடக் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் கூட்டம் நெரியும் பஸ்ஸில் கைமாற்றும் வழக்கம் அங்கே அறுந்துபோகிறது. கண்டக்டர் உங்களிடம் வந்து சேர்ந்தாகவேண்டும். இது மெஷினின் கோளாறும் இல்லை, பயணியின் அறியாமையும் இல்லை. காசைப் பற்றி ஊரில் ஒரு நெறி இருக்கிறது, போனைப் பற்றி வேறொரு நெறி இருக்கிறது.

சரி, இனி நாலு சொற்களை ஒரு தடவை விளக்கிவிட்டால் அப்புறம் தாராளமாகப் பயன்படுத்தலாம். மனிதனும் கருவியும் சந்திக்கும் இடம் இடைமுகம்: திரை, பட்டன், ஒலி எல்லாம் அதில் அடங்கும். மனிதன் ஒன்றைச் செய்தால் கருவி என்ன பதில் தரவேண்டும், எந்த வரிசையில் தரவேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை இடைவினை வடிவமைப்பு. அந்தக் கருவியைத் தொடுவதற்கு முன்னும் தொடும்போதும் தொட்ட பின்னும் ஒருவருக்கு உண்டாகும் மொத்த உணர்வு பயனர் அனுபவம். வடிவமைப்பு ஆய்வாளர் டான் நார்மன் 1993-ல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது இந்தச் சொல்லைத் தன் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்டார். அதன்பிறகுதான் அது ஒரு தொழிலின் பெயராகப் பரவியது. நாலாவது, சமூக நெறி: எங்கும் எழுதி வைக்காத, ஆனால் மீறினால் நாலு பேர் முறைத்துப் பார்க்கும் விதி.

பஸ்ஸில் நடப்பதை இந்தச் சொற்களில் சொன்னால், அங்கே சமூக நெறியே இடைமுகத்தின் பாதி வேலையைச் செய்கிறது. புதுக் கருவி அந்தப் பாதியைக் கணக்கில் எடுக்காவிட்டால், மீதிப் பாதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இடறும்.

## சந்தையில் பேசும் பெட்டி

இந்தியாவில் யுபிஐ 2016-ல் வந்தது. கடைகளில் கட்டம் போட்ட அட்டை ஒட்டினார்கள். ஸ்கேன் செய்து பணம் போட்டால் வாங்குபவரின் போனில் பச்சை டிக் வரும். பார்க்கப்போனால் வேலை முடிந்தது.

மீன் கடையில் முடியவில்லை. வடசேரி சந்தையில் அயிலை வெட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு கையிலும் செதிலும் ரத்தமும். அவருடைய போன் பிளாஸ்டிக் கவருக்குள், கவர் மடியில். பணம் வந்ததா என்று பார்க்க அவர் கை கழுவவேண்டும், துடைக்கவேண்டும், கவரைப் பிரிக்கவேண்டும். அதற்குள் மூன்று பேர் "எனக்கு அரைக் கிலோ சாளை" என்று நிற்பார்கள். வேறு வழி, வாங்குபவர் தன் போனைத் திருப்பிக் காட்டுவது. அந்தப் பச்சை டிக் இன்றைக்குரியதா நேற்றைக்குரியதா என்று உற்றுப் பார்க்கவேண்டும். உற்றுப் பார்த்தால்? வருஷக்கணக்காக மீன் வாங்கும் ஆளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். பார்க்காமல் விட்டால் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுகிறவன் ஒருவன் நடுவில் புகுந்துவிடுவான்.

ஆக சிக்கல் பணம் போய்ச் சேர்வதில் இல்லை. "போட்டாச்சா?" என்று கேட்கும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. அது கேட்கக் கூச்சமான கேள்வி.

2019-ல் பேடிஎம் கொண்டுவந்த சவுண்ட்பாக்ஸ், பிறகு மற்ற நிறுவனங்களும் கொண்டுவந்த அதே வகைப் பெட்டிகள், இந்தக் கூச்சத்தைத்தான் தீர்த்தன. "நூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி தமிழில் சத்தமாகச் சொல்கிறது. விற்பவர் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவேண்டியதில்லை. வாங்கியவர் போனைக் காட்டவேண்டியதில்லை. சுற்றி நிற்பவர்களும் கேட்டுவிட்டார்கள், ஆகவே வாங்கியவரின் நேர்மைக்கும் சாட்சி கிடைத்துவிட்டது. நாம் ஒன்றைச் செய்தபின் கருவி "ஆம், நடந்தது" என்று நமக்குத் தெரிவிப்பதைப் பின்னூட்டம் என்பார்கள். பச்சை டிக்கும் பின்னூட்டம்தான். ஆனால் அது பணம் கொடுத்தவருக்கு மட்டும் தெரியும் பின்னூட்டம். பெட்டி அதை இரண்டு பேருக்கும் பொதுவாக்கியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடைக்கு எவ்வளவு வருகிறது என்பது ஊருக்கே கேட்கிறது. சில கடைகளில் பெட்டியின் சத்தம் ஒரேயடியாகக் குறைக்கப்பட்டு, கல்லாவுக்குள்ளேயே முனகிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கடன் கேட்கும் சொந்தக்காரர் எந்த நேரமும் வரலாம் அல்லவா.

இன்னொரு சின்ன விஷயம். யுபிஐயில் பணம் போடும் முன், பணம் பெறுபவரின் பேங்க் கணக்கில் உள்ள பெயர் திரையில் வரும். தவறான ஆளுக்குப் போகாமல் இருக்க வைத்த ஏற்பாடு. சந்தையில் கட்டத்தை ஸ்கேன் செய்தால், பெண் விற்கும் கடையில் ஆண் பெயர் வரும். வாங்குபவர் ஒரு நொடி நிற்பார். "எம் மவன் பேருதான் மக்களே, போடுங்க" என்று பதில் வரும். பணம் போய்விடும். திரையால் தீர்க்கமுடியாத சந்தேகத்தை அந்த வாய்ச்சொல் தீர்த்தது. கணக்கு ஒருவர் பெயரில், உழைப்பு இன்னொருவருடையது என்ற குடும்ப ஏற்பாடு அந்தச் செயலியை எழுதியவரின் மேசைக்கு வந்திருக்குமா தெரியவில்லை. இந்த ஊரில் அது சர்வசாதாரணம்.

## கடலுக்குப் போன செய்தி

பின்னூட்டம் என்பதை இன்னும் தெளிவாகப் பார்க்க, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் போகலாம். இந்த ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் பெயர் போனவர்கள். வாரக்கணக்கில் கடலில் தங்குவார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக வலுத்தபோது, அவர்களில் பலர் கரையின் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். படகுகளில் உள்ள வயர்லெஸ் கொஞ்ச தூரம்தான் பேசும். அந்தப் புயலில் இந்த மாவட்டம் இழந்தவர்களைப் பற்றி இங்கே யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை.

அதற்குப்பின் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை தரும் கருவிகள் வந்தன. 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. இந்தியாவின் ககன் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் வானிலைச் செய்தியை வாங்கி, புளூடூத் வழியாக மீனவரின் போனில் காட்டும். நல்ல கருவி. ஆனால் ஒருவழிப் பாதை. கேட்கலாம், பதில் சொல்லமுடியாது.

ஒருவழிச் செய்தி போதாதா என்று கரையில் இருப்பவருக்குத் தோன்றும். கடலில் முடிவெடுக்கும் முறை வேறு. பாதித் தொழிலில் திரும்பினால் டீசல் நஷ்டம், ஐஸ் நஷ்டம், பங்குக்காரர்கள் எல்லோருக்கும் நஷ்டம். ஆகவே செய்தி கிடைத்ததும் ஒரு படகு அடுத்த படகைக் கூப்பிடும்: "உனக்கு வந்துதா? நீ என்ன செய்யப்போற?" நாலு படகு திரும்பினால் ஐந்தாவதும் திரும்பும். எச்சரிக்கை என்பது ஒரு படகு தனியாக வாசிக்கும் தகவல் இல்லை. பல படகுகள் சேர்ந்து பேசி எடுக்கும் முடிவின் முதல் வரி அது. இரண்டு பக்கமும் பேசமுடியாத கருவி அந்தப் பேச்சில் பாதியை மட்டும்தான் தாங்கும்.

ஆபத்து நேரத்துக்கு இஸ்ரோ உருவாக்கிய இன்னொரு கருவி 2010 முதல் புழக்கத்தில் உள்ளது. படகில் இருப்பவர் பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கரை மையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்கும் செய்தி போகும். தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனால் அழுத்தியவருக்குத் திரும்ப எதுவும் வராது. படகில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, கூட இருப்பவர்கள் அழுத்தியவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். "போச்சா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் இந்த இடத்தைத்தான் மாற்றினார்கள். செய்தி கிடைத்தது, உதவி வருகிறது என்று கரையிலிருந்து படகுக்கு ஒப்புதல் திரும்பி வரும். செய்திகளைப் போனில் தாய்மொழியிலேயே வாசிக்கலாம். மீட்புக் கப்பல் இதனால் வேகமாக வந்துவிடப்போவதில்லை. ஆனால் அதுவரை அந்தப் படகில் இருப்பவர்கள் கலங்கிச் சிதறாமல் இருக்க அந்த ஒரு வரி போதும். பயனர் அனுபவம் என்றால் அலங்காரம் என்று இன்னமும் நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

சுருக்கமாக: கருவியின் பதில் யாருக்கு, யார் முன்னால், எப்போது போய்ச் சேருகிறது என்பதும் வடிவமைப்பே. மீன் கடையில் அது கூச்சத்தைத் தீர்க்கிறது, கடலில் பயத்தைத் தணிக்கிறது.

## திரை ஒருவருக்கு, வேலை மூன்று பேருக்கு

இ-சேவை மையம் ஒன்றில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் வடிவமைப்புப் பாடம் முழுவதும் கிடைக்கும். விண்ணப்பப் படிவம் "உங்கள் பெயர்", "உங்கள் கைபேசி எண்" என்றுதான் கேட்கிறது. ஆனால் அந்த "நீங்கள்" கணினி முன்னால் இல்லை. அவர் மேசைக்கு இந்தப் பக்கம், மானிட்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தட்டச்சு செய்வது மையத்தில் வேலை பார்க்கும் பெண். பெயரில் ஒரு எழுத்து தப்பாக விழுந்தால் அது வீட்டுக்குப் போய் அச்சுத் தாளைக் கண்ணாடி போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும்.

அப்புறம் ஓடிபி. எண்ணைப் பதிவு செய்யச் சொன்ன காலத்தில் மகனுடைய எண்ணைக் கொடுத்திருப்பார்கள். மகன் இப்போது துபாயில். அவனுடைய இந்திய சிம் ரோமிங்கில் இருந்தால் ஓடிபி அங்கே போய் விழும். அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், வாட்ஸ்அப் கால் போகாது. அவன் வேலை நேரத்தில் போனைப் பார்த்து, எண்ணைப் படித்து, திருப்பி அனுப்பி, அது அப்பாவின் போனில் வந்து, அப்பா அதை உரக்கச் சொல்லி, அந்தப் பெண் அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். "அண்ணாச்சி, மறுபடி அனுப்பச் சொல்லுங்க." மையத்தில் காத்திருக்கும் எல்லோருக்கும் அந்த ஓடிபி இப்போது தெரியும். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதே மெசேஜின் அடியில் எழுதியிருக்கும்.

இப்படி ஒருவருக்காக இன்னொருவர் கருவியை இயக்குவதை இடையாளர் வழிப் பயன்பாடு என்று சொல்லலாம். 2010-ல் நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூருவின் குடிசைப் பகுதிகளில் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். கருவியை இயக்கத் தெரியாதவர் "பயனர் அல்லாதவர்" என்று ஒதுக்கப்படுவது தவறு, பிள்ளைகள், அக்கம்பக்கத்தார், கடைக்காரர் வழியாக அவரும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார் என்பது அதன் சாரம். சாம்பசிவனே பின்னர் 2018-ல் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்களிடம் செய்த ஆய்வு இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது. வீட்டில் போன் பலர் கைக்குப் போகும். கேட்டால் கொடுக்கமாட்டேன் என்று சொல்லமுடியாது. அதனால் பெண்கள் குறிப்பிட்ட செயலிகளுக்குத் தனிப் பூட்டு போடுகிறார்கள், மெசேஜை அழித்துவிட்டுக் கொடுக்கிறார்கள், சில நேரம் ஒரு செயலியைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

போன் நிறுவனங்கள் பாதுகாப்பு என்றால் திருடனையும் அந்நியனையும்தான் மனதில் வைக்கின்றன. வீட்டு வரவேற்பறையில் "அக்கா, போனைக் கொஞ்சம் தா" என்று கை நீட்டும் தம்பி அவர்கள் கணக்கில் வரவில்லை. அவனுக்கு முகத்தில் அடித்தாற்போல மறுப்பு சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி வேண்டும். முழுப் பூட்டைவிடச் செயலிப் பூட்டு பல வீடுகளில் விரும்பப்படுவது அதனால்தான். போனைக் கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு.

## வாட்ஸ்அப்: பழக்கமும் பட்டனும் ஒன்றையொன்று துரத்துவது

இதுவரை பார்த்ததெல்லாம் ஊர்ப் பழக்கம் கருவியை எப்படி வளைக்கிறது என்பது. கருவியும் ஊர்ப் பழக்கத்தை வளைக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு சுற்றாக ஓடும். இதுதான் இந்த விஷயத்தின் மையம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீல டிக்கைக் கொண்டுவந்தது. மெசேஜ் வாசிக்கப்பட்டது என்று அனுப்பியவருக்குத் தெரியும். தொழில்நுட்ப ரீதியில் சிறிய மாற்றம். ஆனால் அது அதுவரை இல்லாத ஒரு குற்றத்தை உண்டாக்கியது: "பாத்துட்டும் பதில் போடல்ல." மாமியார் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் பதில் போடுவது அதற்கு முன் தவறே இல்லை. இனிமேல் தவறு. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? மெசேஜைத் திறக்காமல், மேலேயிருந்து இழுக்கும் அறிவிப்புப் பட்டியிலேயே வாசித்துக்கொள்ளப் பழகினார்கள். எதிர்ப்பு எழுந்த சில நாட்களிலேயே நிறுவனம் நீல டிக்கை நிறுத்தும் வசதியைத் தர வேலையைத் தொடங்கியது. அதில் ஒரு விதி வைத்தார்கள்: நீ உன்னுடையதை மறைத்தால் மற்றவர்களுடையது உனக்கும் தெரியாது. கொடுக்கல் வாங்கல் நியாயம் நிரலுக்குள் ஏறிய இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு முடிவுகளில் ஒன்று.

குழுக்களிலும் இதே சுற்று. ஊர்க் குரூப், கோயில் கொடைக் கமிட்டி குரூப், சர்ச் குரூப், பத்தாங்கிளாஸ் குரூப், தாய்மாமன் வீட்டு குரூப். முதலில் யாரும் யாரையும் எதிலும் இழுத்துப் போடலாம். 2019 ஏப்ரலில்தான் "என்னை யார் சேர்க்கலாம்" என்ற தேர்வு வந்தது. சேர்வது இருக்கட்டும், வெளியேறுவதுதான் பெரிய விஷயம். வெளியேறினால் "இன்னார் வெளியேறினார்" என்று எல்லோருக்கும் ஒரு வரி விழும். அடுத்த நிமிஷம் போன்: "ஏன்டே, என்ன பிரச்சினை? யாராவது எதாவது சொன்னாங்களா?" காலை வணக்கப் படங்கள் தாங்கமுடியவில்லை என்பதற்காகப் போன மனுஷன், ஊரோடு பகை என்று பெயர் வாங்குவார். அதனால் ஜனங்கள் வெளியேறாமல் குரூப்பின் குரலை அமர்த்தி (மியூட் செய்து) வைத்தார்கள். முதலில் ஒரு வருஷம் வரைக்கும்தான் அமர்த்தமுடியும். 2020 அக்டோபரில் "எப்போதும்" என்ற தேர்வு வந்தது. 2022 ஆகஸ்டில், சத்தமில்லாமல் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும் தெரியும் என்று மாற்றுவதாக அறிவித்தார்கள். அந்த ஒரு வரி அறிவிப்பை எடுப்பதற்கு நிரல் எழுதுபவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதை எடுக்கவேண்டும் என்று உணர்வதற்குத்தான் வருஷக்கணக்கில் ஆனது.

சுற்று எப்படி ஓடுகிறது என்று கவனியுங்கள். கருவி ஒரு வசதி தருகிறது. அது ஒரு புதிய நெறியை, புதிய சங்கடத்தை உண்டாக்குகிறது. மக்கள் அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடிக்கிறார்கள். வடிவமைப்பவர் அந்தக் குறுக்குவழியைக் கவனித்து அடுத்த வசதியாக்குகிறார். ட்விட்டரில் ஹேஷ்டேக் இப்படித்தான் வந்தது. 2007-ல் கிறிஸ் மெசினா என்ற பயனர் யோசனையாகச் சொன்னது அது. பிறர் பதிவைப் பகிர மக்கள் "ஆர்டி" என்று கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள், நிறுவனம் 2009-ல் அதைப் பட்டனாக்கியது.

சில நேரம் சுற்றை மெதுவாக்கவும் வேண்டியிருக்கும். 2018-ல் குழந்தை கடத்தல் வதந்திகளால் தமிழ்நாடு உட்படப் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்பமுடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டும் என்று குறைத்தது. அப்படிப்பட்ட செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்தது என்று நிறுவனமே அறிவித்தது. யாருடைய மனமும் மாறவில்லை. விரல் செய்யவேண்டிய வேலை கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

ஸ்டேட்டஸ் பற்றி ஒரு வரி. கடற்கரையில் நண்பர்களோடு எடுத்த படம் நண்பர்களுக்கு வேறு, மாமாவுக்கு வேறு, மேனேஜருக்கு வேறு. நேரில் இந்த மூவரும் ஒரே அறையில் இருக்கமாட்டார்கள், போனில் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். இப்படிப் பல சபைகள் ஒன்றாகிவிடுவதைச் சூழல் கலப்பு என்று வைத்துக்கொள்ளலாம். "இவர்களுக்குக் காட்டாதே" என்ற தேர்வு அந்தச் சபைகளை மறுபடி பிரிக்கும் சுவர்.

## நாலு பேர் போன வழி

கன்னியாகுமரிக்கு சூரிய உதயம் பார்க்க வரும் வெளியூர்க்காரர் எந்த லாட்ஜில் தங்குவது, எந்தக் கடையில் சாப்பிடுவது என்று எப்படி முடிவு செய்கிறார்? நட்சத்திரங்களையும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பார்த்து. உள்ளூர்க்காரர் என்றால் "அது யாருக்க கடை?" என்று கேட்பார். இரண்டும் ஒன்றுதான்: எனக்கு முன்னால் யார் நம்பினார்கள் என்ற விசாரணை. மற்றவர்கள் செய்ததைச் சான்றாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்குச் சமூகச் சான்று என்று பெயர்.

அந்த எண் எவ்வளவு தூரம் நம்மை இழுக்கும் என்று 2006-ல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். யாருக்கும் அதிகம் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள், 14,000-க்கு மேற்பட்ட கேட்பவர்கள். ஒரு பகுதியினருக்கு எந்த எண்ணும் காட்டவில்லை. மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் ஒரு பாட்டை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று காட்டினார்கள். எண் தெரிந்த உலகங்களில் முன்னணிப் பாட்டுகள் இன்னும் வேகமாக மேலே போயின. வேடிக்கை என்னவென்றால், ஒரு உலகத்தில் மேலே வந்த பாட்டு இன்னொன்றில் நடுவில் கிடந்தது. மிகச் சிறந்தவை அதிகம் கீழே போகவில்லை, மிக மோசமானவை அதிகம் மேலே வரவில்லை. ஆனால் நடுவில் இருப்பவற்றின் தலையெழுத்தை முதலில் வந்த சிலரின் கிளிக்குகள் எழுதின.

ஆகவே ஒரு செயலியில் "1,200 பேர் வாங்கினார்கள்" என்று காட்டுவதா வேண்டாமா என்பது அலங்காரக் கேள்வி இல்லை. காட்டினால் அடுத்தவர் தேர்வு மாறும்.

## இதே அறிவைத் திருப்பிப் போட்டால்

மனிதர்களுக்குக் கூச்சம், பயம், பின்தங்கிவிடுவோமோ என்ற பதற்றம் இருக்கிறது என்று தெரிந்த வடிவமைப்பாளர் அதைத் தீர்க்கவும் செய்யலாம், சுரண்டவும் செய்யலாம். சுரண்டும் வகைக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010-ல் டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இதற்கு வழிகாட்டு நெறிகளை அறிவித்து, 13 வகைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது.

அவற்றில் சில உங்களுக்கு நன்றாகவே பழக்கமானவை. அறை பதிவு செய்யும்போது உண்மை இல்லாமல் "2 அறைகளே மீதம், 17 பேர் இப்போது பார்க்கிறார்கள்" என்பது பொய் அவசரம். காப்பீடு வேண்டாம் என்று சொல்ல "என் குடும்பத்தின் பாதுகாப்பில் எனக்கு அக்கறை இல்லை" என்ற வாசகத்தை அழுத்தவைப்பது, வெட்கப்படவைத்துச் சம்மதம் வாங்குவது. நீங்கள் கேட்காத நன்கொடையோ கட்டணமோ கடைசிப் பக்கத்தில் கூடையில் ஏறி உட்கார்ந்திருப்பது இன்னொன்று. மூன்றிலும் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. முதலாவது கூட்டத்தைக் காட்டி அவசரப்படுத்துகிறது, இரண்டாவது நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற உணர்வைத் தொடுகிறது, மூன்றாவது அவ்வளவு தூரம் வந்தபிறகு பத்து ரூபாய்க்குத் தகராறு செய்ய மாட்டோம் என்பதை நம்பி நிற்கிறது.

இப்படி மாட்டினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். கூப்பிடும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அதே பக்கத்தைத் திறக்கும்போது அந்த 2 அறை 5 அறையாகப் பெருகியிருக்கும்.